நினிவே அன்ரி

அன்ரி என்னிடம் முதன்முதலாகச் சொன்ன வாக்கியம், "இந்தக் கட்டடம் விழும், பிள்ளை" என்பதுதான்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நான் குடிவந்த மறுநாள் காலையில் வாஷிங் மெஷினைப் போட்டிருந்தேன். கீழ்வீட்டிலிருந்து ஏறி வந்து, கதவைத் தட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னார். நான் திருநெல்வேலிக்காரி. வாய்ப்பேச்சில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஆனால் பெயரைக்கூடக் கேட்காமல் கட்டடத்தையே கவிழ்க்கிறவரிடம் என்ன பேசுவது? மெஷினை நிறுத்தினேன். சாயங்காலம் அதே கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கத்தரிக்காய்ப் பால்கறியை நீட்டினார். "மெஷினுக்குக் கீழ ரப்பர் பாய் ஒண்டு போட்டால் சத்தம் வராது. நாளைக்கு டூட்டிங் கடைத்தெருவுக்குப் போறன், வாங்கிக்கொண்டு வாறன்" என்றார். வாங்கியும் வந்தார். அன்றைக்கே ஆளைப் புரிந்துகொண்டிருக்கலாம். எனக்கு மண்டையில் ஏறக் கொஞ்சம் நாளாகும்.

அன்ரியின் கண்ணில் பட்டதெல்லாம் விழும். நிலையத்தில் எஸ்கலேட்டர் நின்றுபோனால் இந்த ஊர் விழும். கை காட்டியும் நிற்காமல் போன பஸ்ஸின் கராஜ் விழும். சொல்லும்போது முகத்தில் கோபம் இருக்காது. நாளைக்கு மழை வரும் என்கிற தொனிதான். அவருக்கு வேலை ஒரு ஆரம்பப் பள்ளியில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது. புரோக்கோலியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் தமிழிலேயே தீர்ப்புச் சொல்வார். அதுகள் அதை ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து, தங்களுக்கும் சொல்லும்படி வரிசையில் நிற்குமாம். தீர்ப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கரண்டி கஸ்டர்ட் கூடுதலாக விழும். அந்த ஒன்றுதான் அவர் சொல்லி உடனே விழுந்தது.

அவரால் தண்டிக்கப்பட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பிளம்பர். யாழ்ப்பாணத்துப் பொடியன், டூட்டிங்கில் இருந்தான். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை வந்து நின்றான். "தம்பி, உம்மட தொழில் அத்திப்பழம் மாதிரி ஒரு உலுக்கில விழும்" என்றார் அன்ரி. அடுத்த வாரம் அவனுக்குக் கடுமையான காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளாஸ்கில் ரசத்தை ஊற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். "நான் தொழிலைத்தான் சொன்னனான். உடம்பைச் சொல்லேல்லை" என்று அவனிடம் விளக்கம் வேறு.

அத்திப்பழம் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. நினிவேயிலிருந்து வந்தது. அசீரியர்களின் தலைநகரான அந்தப் பழைய ஊரின் திமிரை, அன்ரி பாஷையில் தடிப்பை, அடக்குவேன் என்று கடவுள் சொன்னதாக ஒரு எபிரேயத் தீர்க்கதரிசி சொல்லி வைத்த அழிவுச் செய்தி வேதத்தில் இருக்கிறது. மூன்றே அதிகாரம். அன்ரிக்கு அது தலைகீழ்ப் பாடம். எங்கள் தமிழ்ச் சபை, ஞாயிறு பிற்பகல்களில் ஒரு பழைய ஆங்கிலக் கோயிலின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறது. வேதம் வாசிக்கும் முறை அன்ரிக்கு வரும்போதெல்லாம் பாஸ்டர் வேதத்திலுள்ள துதிப்பாட்டுகளான சங்கீதங்களில் மிகவும் சாதுவான ஒன்றாகப் பார்த்துக் கொடுப்பார். அன்ரி அதை ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, "இதோட சேர்த்து" என்று சொல்லிக்கொண்டே பக்கங்களைப் புரட்டுவார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். ரதங்கள் தெருவில் உருளும், மதில் சரியும், சிங்கக் குகையைத் தேடினால் சிங்கம் இராது. கடைசியில், அந்த ஊர் விழுந்த செய்தியைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று முடியும் இடத்துக்கு வந்ததும் அன்ரி நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார். நாங்கள் தட்ட மாட்டோம். எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. அவருக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம் எப்போதும் உண்டு.

"அழிஞ்ச ஊர் எத்தனையோ இருக்கே, ஏன் அன்ரி நினிவே மட்டும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாபிலோனைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். இது பாவம், ஒருத்தரும் கவனிக்கிறேல்லை" என்றார்.

ஒரு வருடம் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. எல்லோரும் கடற்கரை என்றார்கள். அன்ரி, "நினிவேக்குப் போவம்" என்றார். லண்டனின் நடுவே இருக்கும் பெரிய மியூசியத்தில் அந்த அரண்மனையின் சுவர்களையே பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். சாண்ட்விச்சும் ரோல்ஸும் கட்டிக்கொண்டு போனோம். ராஜா ரதத்தில் நின்று சிங்கங்களை அம்பு எய்து கொல்கிற சிற்பங்கள் சுவர் நெடுக இருந்தன. அன்ரி ராஜாவுக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றார். "தாடியைச் சுருட்டி விட்டிருக்கிற தடிப்பைப் பாரும் பிள்ளை" என்றார் என்னிடம். "இப்ப எங்க உம்மட அரண்மனை?" என்று அவனையே கேட்டார். அடுத்த கல்லில் ஒரு பெண்சிங்கம். முதுகில் அம்புகள், பின்னங்கால்கள் விழுந்துபோய், முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு நகர்கிறது. அன்ரி அங்கேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் கடைப்பக்கம் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அவர் கண் கலங்கியிருக்கிறது.

"அன்ரி, அது கல்லு."

"கல்லெண்டால் நோகாதே?" என்றார்.

வெளியே வரும்போது சுதாரித்துக்கொண்டு, வாசல் காவலரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "விழுந்த ஊரின்ர கல்லை இவங்கள் கொண்டுவந்து அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். இவங்களின்ர கல்லை ஆர் கொண்டுபோய் எங்க அடுக்கப்போறாங்களோ!" அந்த மனிதர் நன்றி சொல்கிறார் போலும் என்று நினைத்துத் தலையசைத்துச் சிரித்தார்.

இனி ஜெயசீலன் அண்ணனைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் வசதியான மனிதர். பெற்றோல் நிலையங்கள் வைத்திருந்தார். லண்டனின் தெற்கோரம் சட்டனில் பெரிய வீடு வாங்கி, வாசலில் ரிமோட்டில் திறக்கும் இரும்புக் கேட் போட்டு, தூணுக்கு ஒன்றாக இரண்டு கல் சிங்கங்களை உட்காரவைத்தார். சிங்கங்களின் பிடரிக்குத் தங்க நிறம் அடித்திருந்தது. புதுவீடு புகும் குடிபூரலுக்குப் போன எங்கள் எல்லோருக்கும் கேட்டைத் திறந்து மூடிக் காட்டினார். அன்ரி சிங்கங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அண்ணனிடம் ஒரு கதை உண்டு. அவர் மனைவி வசந்தி அக்கா கார் ஓட்டப் பழகின புதிதில், அவர்களுடைய சொந்த நிலையத்திலேயே பெற்றோல் காருக்கு டீசலை அடித்துவிட்டார். "பெற்றோல் ஷெட்காரன்ர மனிசி டீசல் அடிச்சவ!" என்று அண்ணன் அதைப் பிறந்தநாள் வீட்டில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், புதிதாக யார் சபைக்கு வந்தாலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தி அக்காவும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பார். அக்கா மெல்லிய சுபாவம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முன்பு இரண்டு தடவை கணவர் முகத்தைப் பார்ப்பார். கதை ஆரம்பித்தாலே அன்ரி கையிலிருக்கும் தட்டை மேசையில் 'டக்'கென்று வைப்பார். எனக்கும் அந்தக் கதையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். நல்ல நல்ல வசனங்களாக அட்டைகளில் எழுதி ஒரு பெட்டியில் போட்டு, குடும்பத்துக்கு ஒருவர் வந்து ஒன்றை எடுத்துச் சபையில் வாசிக்க வேண்டும். அந்த வருடம் முழுவதற்கும் அந்த வீட்டுக்கு அதுதான் வாக்கு. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பார்கள். அன்ரியின் கையெழுத்து அழகு என்று அந்த முறை எழுதும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய பிழையை எங்கள் சபை செய்ததில்லை.

"எல்லா அட்டையிலயும் ஆசீர்வாதமெண்டால் அது வேதமே? தொதல் விக்கிற இனிப்புக் கடை" என்று என்னிடம் சொன்னார். "ஒண்டே ஒண்டு மட்டும் கலந்து விட்டிருக்கிறன். ஆருக்குப் போகவேணுமோ அவருக்குக் கர்த்தர் குடுப்பார்."

கர்த்தர்தான் கொடுத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அன்ரி. ஜெயசீலன் அண்ணன் எழுந்திருக்கும்போது அன்ரி பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு பக்கமாகச் சரித்ததை நான் பார்த்தேன். ஆனால் அண்ணன் கடைசி நேரத்தில், "வீட்டுக்காரி எடுக்கட்டும்" என்று வசந்தி அக்காவைத் தள்ளிவிட்டார். அக்கா எடுத்தார். வாசிக்கத் தொடங்கினார். ஆறுகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் என்றும் அரண்மனை கரைந்து போகும் என்றும் இருந்தது. பாதியிலேயே அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

அண்ணன்தான் முதலில் சிரித்தார். "எங்கட வீட்டடியில ஆறே இல்லை! அன்ரி, உங்கட நினிவே அட்ரஸ் மாறி வந்திட்டுது!" என்றார். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. அவர் வசந்தி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் நேரத்தில் அக்கா அவரிடம் வந்து, "அன்ரி, எங்களுக்கு ஏதும் நடக்குமே?" என்று கேட்டார்.

ஊரையெல்லாம் விழவைத்தவர் அன்று அக்காவின் கோப்பையில் இன்னொரு கரண்டி சீனியைப் போட்டார். "உது பழைய ஊர், பிள்ளை. நீர் தேத்தண்ணியைக் குடியும்" என்று மட்டும் சொன்னார்.

பெப்ரவரியில் அவர்கள் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு கனடா போனார்கள். என் அலுவலகம் சட்டனில் என்பதால், கேட்டருகே இருக்கும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி அக்கா என்னிடம் கேட் ரிமோட்டையும் வீட்டுச் சாவியையும் தந்துவிட்டுப் போனார். அது அன்ரிக்குத் தெரிந்ததும் என் நிம்மதி போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு என் காருக்குப் பக்கத்தில் நிற்பார். "நினிவே நிக்குதோ எண்டு பாத்திட்டு வருவம்."

நான் வேலைக்குப் போகும் வழியில் அவரை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு ரயிலில் ஏற்றிவிட வேண்டும். அவர் இறங்கிக் கூரையைப் பார்ப்பார், ஜன்னல்களைப் பார்ப்பார், சிங்கங்களைப் பார்ப்பார். விழட்டும் என்று காத்திருக்கிறார் என்றே நினைத்தேன். "இன்னும் விழலையே அன்ரி, ஏமாத்தமா இருக்கா?" என்று சீண்டுவேன். முறைப்பார்.

அந்த வாரம் குளிர் எலும்பைத் துளைத்தது. சனிக்கிழமை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்து, கூரைகளில் இருந்த உறைபனி சொட்டத் தொடங்கியது. வேலை இல்லாத நாளென்றும் பாராமல் என்னை இழுத்துப்போன அன்ரி அன்று கேட்டோடு திரும்பவில்லை. "கதவைத் திறவும் பிள்ளை. மனம் சரியில்லை" என்றார். திறந்தேன். வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

பொய்யில்லை. ஹாலின் கூரை வழியாகத் தண்ணீர் ஊற்றுகிறது, மாடிப்படியில் படிப்படியாக இறங்கி வருகிறது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அன்ரி ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினார். "தண்ணியைப் பூட்டுற இடம் எங்க? கெதியா தேடும்!" சிங்குக்குக் கீழே, இடியப்பத் தட்டுகளுக்கும் பெரிய பானைகளுக்கும் பின்னால் வால்வு இருந்தது. இருவரும் முழங்காலில் நின்று அதை முறுக்கினோம். முறுக்கிக்கொண்டே அன்ரி அழுதார். அழுதுகொண்டே மேலே பார்த்துச் சண்டை பிடித்தார். "ஆண்டவரே, நான் ஒரு வீம்புக்குத்தானே எழுதினனான்! மற்றவை கேக்கிறது ஒண்டும் உமக்குக் கேக்கிறேல்லை. இது மட்டும் உடன கேட்டதே?"

பிளம்பர் தம்பி அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். அன்ரி கூப்பிட்டால் அவன் திங்கட்கிழமை, வியாழக்கிழமை பார்ப்பதில்லை. மச்சில் இருந்த குழாய் உறைந்து வெடித்திருந்தது. "அன்ரி! நீங்கள் சொன்னது அப்பிடியே நடந்திட்டுதே!" என்றான்.

"வாயைப் பொத்திக்கொண்டு குழாயைப் பாரும்" என்றார்.

குழாய் ஏன் உறைந்தது என்பது சுவரைப் பார்த்ததும் தெரிந்தது. வசந்தி அக்கா வீட்டைப் பூட்டும்போது பிரிட்ஜையும் கேட்டையும் தவிர எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் அப்படித்தான் செய்வார்கள். மின்னல் அடிக்கும், கரண்ட் ஏறி இறங்கும், ஆளில்லாத வீட்டில் ஒரு சுவிட்சும் போட்டபடி இருக்கக்கூடாது. அந்தப் பழக்கத்துக்கு லண்டன் குளிர் தெரியாது. டிவி, விளக்கு, வாசல் கேமரா, எல்லாவற்றோடும் ஹீட்டிங்கும் அணைந்திருந்தது. கேமரா அணைந்திருந்தது பிறகு எங்களுக்கு வசதியாகப் போனது.

எனக்கு ஒரே உற்சாகம். "அன்ரி, பலிச்சிருச்சு! நாளைக்கே சபையில சொல்றேன். இனி உங்களப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

அன்ரி ஈரக் கார்ப்பெட்டைச் சுருட்டுவதை நிறுத்தினார். "சொன்னால் அந்தப் பிள்ளையின்ர கதி என்ன? ஒரு தாங்கி டீசலுக்கே இத்தனை வருசம். ஒரு வீட்டுத் தண்ணிக்கு அந்தாள் சாகும் வரைக்கும் கதைப்பான்."

அவர்கள் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் காயவைத்து, கூரைக்கு வெள்ளையடித்தோம். பிளம்பர் கூலி கேட்கவில்லை. கேட்டால் என்ன விழும் என்று அவனுக்குத் தெரியும். அக்கா வந்ததும் அன்ரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, குளிர்காலத்தில் ஹீட்டிங்கை அணைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தார். என்னையும் பிளம்பரையும் வாய் திறக்கக்கூடாது என்று எச்சரித்தார். திறந்தால் இரண்டு பேருடைய கூரையும் விழுமாம்.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் ஜெயசீலன் அண்ணன் எழுந்தார். நல்லபடியாகப் போய் வந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு அன்ரி பக்கம் திரும்பினார். "அன்ரி, வீட்டைப் போய்ப் பாத்தன். ஒரு துளி தண்ணி இல்லை. எங்கட நினிவே நிக்குது!"

மண்டபமே சிரித்தது. வசந்தி அக்கா மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தார். அன்ரி எழுந்தார். வாழ்நாளெல்லாம் அவர் சொன்ன தீர்ப்புகளில் நிஜமாகவே நடந்தது ஒன்றுதான், அதுவும் இப்போது அவர் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"ஓம் தம்பி. நான் எழுதேக்க பிழை விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தேநீர் வரிசையில் என் காதருகே குனிந்தார். "நினிவே விழுறதுக்கு முன்னமும் ஒருக்காத் தப்பினதுதானே. அப்ப அது அழியுமெண்டு சொன்ன தீர்க்கதரிசி, அந்த மீன் விழுங்கின மனுசன், தன்ர சொல் பலிக்கேல்லையெண்டு ஊருக்கு வெளியில குந்தியிருந்து கோவிச்சவர். நான் கோவிக்கேல்லை." பற்றிஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். "கொஞ்சம் கோவிச்சனான்."

அன்ரி போன குளிர்காலத்தில் காலமானார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கேயும் லிஃப்ட் விழும் என்று சொல்லிவிட்டு, அதில் ஏறப்போன நர்ஸை மாடிப்படியால் போகும்படி கெஞ்சினாராம். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள், கீழ்வீட்டுக் கதவு பூட்டியிருப்பது ஞாபகம் வருகிறது. என் கட்டடம் விழும் என்று சொல்லவும் கறி கொண்டுவரவும் இந்த ஊரில் எனக்கு வேறு ஆளில்லை.

அடக்க ஆராதனையில், நினைவைப் பகிர விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார் பாஸ்டர். ஜெயசீலன் அண்ணன் முன்னால் போனார். அவரும் அழுதிருந்தார். அன்ரியின் நல்ல மனதைச் சொன்னார். பிறகு அவருடைய சுபாவம் சும்மா இருக்கவிடவில்லை. "பாவம், தீர்க்கதரிசனம் மட்டும் அவவுக்குச் சரிவரேல்லை. எங்கட வீடு தண்ணியில கரைஞ்சு போகுமெண்டு எழுதினவ. வீடு இப்பவும் நிக்குது" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சவப்பெட்டியைப் பார்த்தேன். அன்ரி அதற்குள் ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தார்.

"நடந்தது."

வசந்தி அக்கா எழுந்து நின்றார். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நாங்கள் கனடாவில நிக்கேக்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. குழாய் வெடிச்சது. ஹீற்றிங்கை நிப்பாட்டிப்போட்டுப் போனது நான். தண்ணியைப் பூட்டி, வீட்டைத் துடைச்சு, என்னைக் காட்டிக் குடுக்காமல் இருந்தது அன்ரி. அவ சொன்னதில ஒரு பிழையும் இல்லை."

அண்ணன் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அவர் கண்கள் எதையோ தேடுவதுபோல மண்டபக் கூரைக்குப் போயின.

"இஞ்சேருங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டார் அக்கா. "இனி டீசல் கதையை விட்டிட்டு இதைச் சொல்லுங்கோ."

பின்வரிசையில் பிளம்பர் தம்பி கைதட்டினான். அடுத்தது நான். அப்புறம் ஒவ்வொருவராக, கடைசியில் பாஸ்டரும், எங்கள் சபையில் வழக்கமே இல்லாத அந்தக் காரியத்தை அன்ரிக்கு முன்னால் செய்தோம்.